எங்கள் வீட்டு ஹோலில் ஒரு பிஷப், ஒரு சிஸ்டர்

மார்ச் 13, 1984 – செவ்வாய்

இன்று பின்னேரம் வாசலில் லொறி நின்றது. நாலு பேர் சேர்ந்து நீளமான மரப்பெட்டி ஒன்றை இறக்கினார்கள். அப்பா முன்னால் நின்று, "மெதுவா... தலைப்பக்கம் மேல... தலைப்பக்கம் மேல!" என்று கத்தினார். தெருவில் சைக்கிளில் போன ஒருத்தர் இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். மரியாதைக்கு நானும் ஒரு சிலுவை போட்டேன். அம்மா தலையில் குட்டினார். பெட்டியைத் திறந்த பிறகு அம்மாவும் போட்டார், நிஜமான சிலுவை.

உள்ளே பவர் அம்ப்ளிஃபயர். றெக்கோட் சுற்றும்போது ஊசியிலிருந்து வருவது வெறும் கொசுச் சத்தம். அதை யானையாக்கி ஸ்பீக்கருக்குள் தள்ளுகிற சாமான் இது. ஒன்றல்ல, இரண்டு வந்திருக்கின்றன. ஸக்கரியா நானா எங்கள் சாதிக்காயையும் கராம்பையும் சிங்கப்பூருக்கு அனுப்புகிறவர். திரும்பி வரும் கப்பலில் இந்த மாதிரிப் பெட்டிகளை இறக்குவார். லொறியோடு அவரும் வந்திருந்தார்.

"ரெண்டையும் வச்சு ஆசை தீரக் கேளுங்க கபிரியேல். வெசாக் முடிஞ்சு வாறேன். ஒண்ட வச்சிக்கிட்டு மத்தத தாங்க" என்றார் அப்பாவிடம். "ஆனா ஒரு விசயம். இந்தப் பெரிசு நம்மட கரண்ட்ல மட்டுந்தான் ஓடும். வேற நாட்டுக்குத் தூக்கிட்டுப் போக ஏலாது. சின்னதுக்குப் பின்னுக்கு ஒரு சுவிச் ஈக்கி. காசு ஒண்ட வச்சுத் திருப்பினா, எந்த நாட்டுலயும் ஓடும்."

தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா நின்றுவிட்டார். "கனடாவுலயுமா நானா?"

"கனடாவுல ஜோரா ஓடும்."

அப்பா கோப்பையில் சீனி போட்டுக் கலக்கினார். கலக்கினார், கலக்கினார். அப்பா சீனி போட்டுக் குடிக்கிறவர் இல்லை.

பெரிசு கறுப்பு. முன்னால் ஊதா வெளிச்சம். நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 'பிஷப்' என்று பெயர் வைத்தேன். சின்னது வெள்ளிநிறம், மெலிசு, சுத்தம், பார்த்தாலே கையைப் பின்னால் கட்டத் தோன்றுகிறது. 'சிஸ்டர்'. ஞானஸ்நானம் முடிந்தது.

மார்ச் 14

ஒரு சிக்கல். தபசு காலம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எங்கள் வீட்டில் பாட்டுக் கிடையாது. அப்பா இரண்டையும் துணியால் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பந்தியில் உட்கார வைத்து இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாத மாதிரி.

என் சைக்கிளை ஒருநாளும் துடைத்ததில்லை.

மார்ச் 18 – ஞாயிறு

டொரண்டோவிலிருந்து ஜோசப்பின் பெரியம்மாவின் கடிதம். அம்மாவின் அக்கா. அங்கே நர்ஸ். எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளப் பத்திரம் போடவா வேண்டாமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்கிறார். இந்தத் தடவை தபாலுக்குள் ஒரு கனடாக் காசையும் வைத்து ஒட்டியிருந்தார். ஒரு பக்கம் மகாராணி, மறுபக்கம் கொம்பு வைத்த மான். "சும்மா கையில வச்சிப் பாருங்க, பழகட்டும்" என்று எழுதியிருந்தார். அம்மா அதை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார். மாதா இப்போது பாம்பை மிதிக்கிறாரா மானை மிதிக்கிறாரா என்று கேட்டேன். இன்னொரு குட்டு.

கடிதத்தில் ஓர் இடத்தை அம்மா இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். "இங்க கரண்ட் நூற்றி இருபதுதான். நம்ம ஊர் சாமான் அப்படியே வேலை செய்யாது. நான் கொண்டு வந்த அயர்ன் இன்னைக்கு வரைக்கும் சூடாகல." பெரியம்மா அந்த அயர்னைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறாராம்.

"காய் காயட்டும், பார்ப்போம்" என்றார் அப்பா.

இதுதான் அவருடைய வழக்கமான பதில். அப்பா சாதிக்காய் வியாபாரி. இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து மூட்டை வந்ததும் ஓட்டோடு ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டுவார். காய்ந்திருந்தால் உள்ளே பருப்பு கடகடக்கும். காயாவிட்டால் ஊமை. கண்ணால் பார்த்து வாங்குகிறவர்களை அவர் மனிதராகவே சேர்ப்பதில்லை. அந்தக் காதை வைத்துத்தான் இப்போது அம்ப்ளிஃபயர் தேர்வும்.

ஆனால் கனடா விஷயத்தில் எந்தக் காய் காய வேண்டும் என்று மட்டும் அவர் சொல்வதில்லை.

மார்ச் 19

இதை எழுதாமல் விட்டால் நேற்று எழுதியது பாதிதான். போன ஜூலைக் கலவரத்தில் எங்கள் கடையை எரித்தார்கள். வீட்டுக்கு வரவில்லை, கடையோடு போய்விட்டார்கள். சரக்கு மிளகும் கொச்சிக்காயும். தெருவே இருமியதாம், தும்மியதாம். எரித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். அன்றைக்கு எங்கள் பக்கம் சண்டை போட்டது மிளகு மட்டும்தான்.

அப்பாவின் பழைய அம்ப்ளிஃபயரும் கடையில்தான் இருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் வீட்டில். எட்டு மாதமாக அவை வாய் திறக்கவில்லை. அம்மாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். முன்பெல்லாம் சமைக்கும்போது பாடுவார்.

மார்ச் 24 – சனி

அப்பாவால் முடியவில்லை. பங்குச் சுவாமியிடம் போய், "பாட்டு இல்லை சுவாமி, வெறும் சத்தம். ரயில், மழை, இடி. அது பாவமா?" என்று கேட்டிருக்கிறார். சுவாமி யோசித்துவிட்டு, "ரயில் பாவமில்லை" என்றாராம். இடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அம்ப்ளிஃபயர் சோதிக்கிற றெக்கோட் ஒன்று அப்பாவிடம் இருக்கிறது. பாட்டே கிடையாது, எல்லாம் சத்தம். பக்கத்து வீட்டு ஜெயரட்ணம் அங்கிளும் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மின்சாரக் கந்தோரில் பெரிய ஆள். ரயில் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஓடியது. மழை பெய்தது. நான் குடையை விரித்துப் பிடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பிஷப்பில் இடியைப் போட்டார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு மோட்சத்தில் இருந்தார். ஜெயரட்ணம் அங்கிள், "அப்பாடி, உதல்லோ இடி!" என்றார்.

வெளியே படபடவென்று இன்னொரு சத்தம். கடைகளின் இரும்புக் கதவுகள் விழுகிற சத்தம். எங்கள் தெரு முழுக்க, ஒன்று விடாமல். எதிர்க்கடைக்காரர் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டார். ஜெயரட்ணம் அங்கிளின் மனைவி நகைப்பையோடு எங்கள் பின்கதவில் நின்றார், ஒரு காலில் மட்டும் செருப்பு.

நான் தெருவில் இறங்கி, "இடிதான்! இடிதான்! மழை வராது!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பயப்பட ஒன்றுமில்லை என்று ரேடியோவில் சொல்கிற மந்திரி மாதிரி இருந்தது.

மார்ச் 25

நேற்றுச் செபமாலை முடிந்ததும் அம்மா சொன்னார்: "ஒரு றெக்கோட்டுக்குத் தெருவே கதவைச் சாத்துது. இந்த ஊர்லதான் இவனைப் படிக்க வச்சி ஆளாக்கப் போறீங்களா?"

அப்பா: "காய் காயட்டும்."

அம்மா: "காஞ்சு கருகிப் போச்சுங்க."

ஏப்ரல் 9

வெட்கமில்லாமல் எழுதுகிறேன். எனக்குப் போக ஆசையா? திங்கட்கிழமை கணக்குப் பாடம் நடக்கும்போது ஆசை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பந்து விளையாடும்போது இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் கிழமையைப் பார்த்துச் சொல்வேன்.

ஏப்ரல் 22 – உயிர்த்த ஞாயிறு

ஆண்டவர் உயிர்த்தார், ஸ்பீக்கரும் உயிர்த்தது. பூசை முடிந்து வந்து சட்டைகூட மாற்றாமல் அப்பா றெக்கோட்டைப் போட்டார். காலைப் பலகாரம் ஆறிப் போனது.

பிறகு சோதனை. கயிறு கட்டி அம்மாவின் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். அதற்குப் பின்னால் நான் வயரை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எது பிஷப், எது சிஸ்டர் என்று சொல்ல வேண்டும். என்னை நம்பித் திரைக்குப் பின்னால் விட்டது அவர்கள் தவறு.

முதல் தடவை பிஷப். இரண்டாம் தடவை வயரைக் கழற்றுகிற மாதிரிச் சத்தம் போட்டு, "ம்ம்... இறுகிக் கிடக்கு" என்று முனகிவிட்டு, மறுபடியும் பிஷப்.

ஜெயரட்ணம் அங்கிளின் தீர்ப்பு: "முதல் போட்டது பிஷப். அடிவயித்தில இருந்து வருது, கேக்குதோ கபிரியேல்? ரெண்டாவது சிஸ்டர். வெளிறிப் போச்சு. கஞ்சி மாதிரி."

அப்பா கண்ணை மூடிக் காது மடலைத் தடவிக்கொண்டிருந்தார். விரிப்புக்குள் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் கயிறு அவிழ்ந்து விழுந்தது. இரண்டு கையும் பிஷப் மேல். சிஸ்டரில் வயரே இல்லை.

"டேய்!" என்றார் அங்கிள். "உம்மட மகனை முதலில கனடாவுக்கு அனுப்பும் ஐசே, தனிய!"

ஏப்ரல் 23

ஆக, காதுக்கு இரண்டும் ஒன்று. தெரிந்துபோனது. பிறகு அப்பா ஏன் பிஷப்பையே சுற்றி வருகிறார்? மூன்று தடவை சொல்லிவிட்டார், "பிஷப் மாதிரி வராது."

பல் துலக்கும்போது புரிந்தது. பிஷப் இந்த ஊர்க் கரண்டில் மட்டும்தான் ஓடும். தூக்க நாலு பேர் வேண்டும். வாங்கி வைத்துவிட்டால் வீட்டுக்கு நங்கூரம் போட்ட மாதிரி. போகமாட்டேன் என்று வாயால் சொல்ல முடியாத மனிதர் அதை ஒரு பெட்டியை விட்டுச் சொல்லப் பார்க்கிறார்.

அம்மாவுக்கு இது எப்போதோ புரிந்திருக்கும் போல. சிஸ்டர் மேல் மட்டும் தூசு இருப்பதில்லை.

மே 6 – ஞாயிறு

சொல்லவே முடியாத நாள். முயற்சி செய்கிறேன்.

பூசை முடிந்து ஜெயரட்ணம் அங்கிள் வந்தார். கடைசித் தீர்ப்பு, இனிமேல் திரையும் கிடையாது, நோபர்ட்டும் கிடையாது என்றார்கள். நோபர்ட் நான்தான். முதலில் சிஸ்டர். அப்பாவே வயரை மாட்டினார், சுவிச்சைத் தட்டினார்.

டப்!

மேலே இருக்கிற காற்றோட்டக் கீறல்கள் வழியாக வெள்ளைப் புகை. புதுப் பாப்பரசர் கிடைத்துவிட்டார் என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். எரிகிற நாற்றம். அப்பா பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றார். போன ஜூலைக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அங்கிள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் குனிந்தார். "ஆர் உதை நூற்றி இருபதில விட்டது? எங்கட இருநூற்றி நாற்பதைக் கொண்டுபோய் உதுக்குள்ள விட்டா எரியாமல் என்ன செய்யும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நியாயம்தான். நானாக இருந்தாலும் என்னைத்தான் பார்த்திருப்பேன். சத்தியமா நான் இல்ல என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அம்மாவைப் பார்த்தேன். குசினி வாசலில், கரண்டியோடு. முகத்தில் இரத்தமே இல்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை. சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி மாதா சுரூபத்தைப் பார்த்தேன். காலடியில் மான் இல்லை.

"நான்தான்" என்றேன்.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "வீட்டை எரிக்கப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார், மெதுவாக.

மே 7

தண்டனை: பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப் பின்பக்க ஸ்டோரில் சாதிக்காய் ஓடு உடைக்க வேண்டும், மறு அறிவித்தல் வரை. ஜெயரட்ணம் அங்கிள் வேலி வழியாக, "குற்றவாளி எப்பிடி?" என்று விசாரிக்கிறார். கை மணக்கிறது. நானே ஒரு கேக் மாதிரி இருக்கிறேன்.

மே 9

அம்மா ஸ்டோருக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தார். கூடவே அவித்த முட்டை. ஒன்றல்ல, இரண்டு. லஞ்சம் என்றால் இப்படி வெளிப்படையாக இருக்க வேண்டும்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எனக்கு ஏற்கனவே பேர் கெட்டுப் போச்சு. உங்களுக்கு எதுக்கும்மா புதுசா ஒண்ணு?"

அம்மா அழுதார். அழுதுகொண்டே சொன்னார். அக்காவின் கடிதம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததாம். போகிற நேரத்தில் மறந்து, அயர்ன் மாதிரி இதுவும் வீணாகக் கூடாதே என்று இப்போதே திருப்பி வைத்தாராம். கடிகாரத்தில் அந்த நாட்டு நேரத்தை வைக்கிற மாதிரி நினைத்துக்கொண்டார். இங்கே மாட்டினால் எரியும் என்று தெரியாது.

"அந்தக் காசாலதான்டா திருப்பினேன். திருப்பிட்டு மேல வச்சேன், அங்க இருக்கிற கீறல் வழியா உள்ள விழுந்திருச்சு. எடுக்க முடியல. அப்பாகிட்ட நான் சொல்லிர்றேன்."

"சொல்லாதீங்க. அவருக்குக் கனடாவே பிடிக்கல. கனடாவே வந்து அம்ப்ளிஃபயருக்குள்ள குதிச்சிச்சுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். வெகுகாலமாகிவிட்டது.

மே 12 – சனி

சிஸ்டரைக் கண்டியில் பழுது பார்க்கிறவரிடம் அனுப்புகிற நாள். ஏற்றிப் போக வான் வண்டி வருவதற்கு முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பக்கம் பிடி." தூக்கினோம். தூக்கும்போது அப்பா நின்றார். தலையைச் சாய்த்தார். காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்து, என்னையும் சேர்த்து, ஒரு ஆட்டு ஆட்டினார். சாதிக்காயை ஆட்டுகிற அதே ஆட்டு.

கட கட.

பெட்டியைக் கீழே வைத்தோம். அப்பா மூடியின் திருகாணிகளைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். வெளியே வந்த கை மூடியிருந்தது. விரலிடுக்கில் மானின் ஒரு கொம்பு தெரிந்தது.

"நீதானே திருப்பின?"

"ஆமாப்பா."

"எதால?"

"ஸ்க்ரூ டிரைவரால."

"ம்."

அவ்வளவுதான். மூடியை மாட்டினார். வானில் ஏற்றினார். பிறகு ஸ்டோரில் போய், ஏற்கனவே காய்ந்த மூட்டையிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்துக் காதில் ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு வரவில்லை.

மே 13

மாலைச் செபமாலைக்கு அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். மாதாவின் காலடியில் மான். துடைத்துப் பளபளவென்று.

அம்மா பார்த்தார். நான் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடச் சத்தமாக. அம்மாவின் குரல் நடுவில் இரண்டு தடவை நின்றுபோனது. மறு அறிவித்தல் வந்துவிட்டது, இனி ஓடு உடைக்கத் தேவையில்லை என்று மட்டும் சாப்பிடும்போது அப்பா சொன்னார்.

மே 19 – சனி

ஸக்கரியா நானா வந்தார். சிஸ்டரும் பிழைத்து வந்துவிட்டாள். உள்ளே நாலைந்து சாமான் புதிது.

"எரிஞ்சு போச்சேண்டு பாவப்பட்டு இத எடுக்க வேணாம் கபிரியேல். ரிப்பேர் செஞ்சத நான் வித்துக்குவேன். பிஷப்பதானே புடிச்சிருந்திச்சு? அதயே வச்சுக்கங்க."

அப்பா எழுந்து போய் பிஷப்பின் தலையில் கையை வைத்தார்.

"இல்ல நானா. இவரை ஏத்திருங்க. சின்னது நிக்கட்டும்."

ஜெயரட்ணம் அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. "என்ன காணும் நீர், உம்மட காதுக்கு பிஷப்தான் எண்டு சாதிச்சீர்?"

"இன்னைக்கும் பிஷப்தான். ரொம்ப வித்தியாசம் இருக்கு. சிஸ்டர்ல அடிச்சத்தம் கொஞ்சம் மெல்லிசு." என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு இவன் ரெண்டு தடவையும் பிஷப்பைத்தான் போட்டான். கயிறு அவிழ முன்னமே தெரியும்."

பிஷப்பை வெளியே கொண்டு போக மறுபடியும் நாலு பேர். இந்தத் தடவை நான் சிலுவை போடவில்லை. காதுக்கு இரண்டும் ஒன்று என்று நான் எழுதியது பிழை. காது எனக்குத்தான் இல்லை.

மே 20

அம்மா குசினியில் பாடுகிறார். சுருதி சேரவில்லை. சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 18 – சனி

மூன்று பேரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். பாஸ்போர்ட் படம். பெரியம்மா போட்ட பத்திரத்தை அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். படத்தில் சிரிக்கக் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். அம்மாவின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க ஐந்து தடவை எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஒரே தடவை. அப்படிக் காதைத் திருப்பிக் காட்டினார், காதுக்குத்தான் விசா தருகிறார்கள் என்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் றெக்கோட் போட்டார். நான் சும்மா சிஸ்டருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். இருநூற்றி நாற்பதில்தான் நிற்கிறது. கனடாக் காசு இப்போது மாதாவிடம் இல்லை, சிஸ்டரின் மேல் இருக்கிறது, மான் பக்கம் மேலே. கீறல்களுக்கு மேல் அப்பா ஒரு சின்னப் பலகையை வைத்து, அதற்கு மேல் வைத்திருக்கிறார்.

அம்மா தூசு துடைக்க வந்து காசைக் கையில் எடுத்தார்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "போற அன்னைக்கு அதை நான் திருப்புறேன்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் தொடக் கூடாது."